வலையமைப்பு நிரலாக்கமும் ஒரு செந்நெறிப் பாடநூலும்

தொழினுட்ப நூல்களின் ஆயுள் குறுகியது. கருவி மாறும்போது அக்கருவியைப் பற்றிய நூலும் வழக்கொழிந்து போதல் இயல்பு. கணினித்துறையில் இம்மாற்றம் ஏனைய துறைகளிலும் பார்க்க விரைவாக நிகழ்வதால், பத்தாண்டுகளுக்கு முன்னர் வெளிவந்த பாடநூலை இன்றைய மாணவர் கையில் எடுப்பதே அரிது. இப்பொது நிலைக்கு விலக்காக நிற்பது ‘யுனிக்ஸ் நெற்வேர்க் புரோகிராமிங்’ என்னும் நூல். றிச்சர்ட் ஸ்டீவன்ஸ் எழுதிய இந்நூல் 1990 இல் வெளிவந்தது. 1998 இல் பெரிதும் திருத்தி எழுதப்பட்டது. ஆசிரியரின் மறைவுக்குப் பின்னர் 2003 இல் மூன்றாம் பதிப்பைக் கண்டது. வலையமைப்பு நிரலாக்கத்தை அடிப்படையிலிருந்து கற்க முனைவோர் இன்றும் இந்நூலையே நாடுகின்றனர்.

இதற்குக் காரணம் யாது? நூலிலுள்ள தகவல்களின் நிறைவு ஒரு காரணமாகலாம். ஆனால் தகவல்களை நிறைவாகத் தந்த நூல்கள் பல மறக்கப்பட்டுவிட்டன. வலையமைப்பு நிரலாக்கம் என்பது சில கட்டளைகளை உரிய வரிசையில் எழுதும் திறன் என்றே பெரும்பாலும் கற்பிக்கப்படுகின்றது. அக்கட்டளைகள் எவற்றுக்கு உறுதியளிக்கின்றன, எவற்றுக்கு உறுதியளிப்பதில்லை என்பதை உணர்வதே அக்கல்வியின் சாரம் என்பதை இந்நூல் காட்டியது. அதன் நிலைபேற்றுக்கு இதுவே அடிப்படை என்பதை எடுத்துக்காட்டுகளால் விளக்க இக்கட்டுரை முயல்கின்றது.

நூலும் அதன் காலமும்

ஸ்டீவன்ஸ் 1951 இல் அன்றைய வட ரொடீசியாவில், அதாவது இன்றைய சாம்பியாவில், பிறந்தவர். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1973 இல் வான்வெளிப் பொறியியலிற் பட்டம் பெற்றார். அரிசோனாப் பல்கலைக்கழகத்தில் 1982 இல் முறைமைப் பொறியியலிற் கலாநிதிப் பட்டம் பெற்றார். இடைப்பட்ட காலத்தில் கிற் பீக் தேசிய வானாய்வு நிலையத்திற் பணியாற்றினார்.

அவர் நூலெழுத முற்பட்ட சூழலை இங்கு நோக்குதல் தகும். கணினிகளுக்கிடையே தரவுகளைக் கொண்டுசெல்லும் ரி.சி.பி., ஐ.பி. ஆகிய நெறிமுறைகளின் விளக்க ஆவணங்கள் 1981 செப்ரெம்பரில் வெளியாயின. அமெரிக்காவின் ஆர்ப்பாநெற் வலையமைப்பு 1983 சனவரி 1 ஆந் திகதி தனது பழைய நெறிமுறையைக் கைவிட்டு இவற்றுக்கு மாறியது. அதே ஆண்டு ஓகத்து மாதத்தில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகம் 4.2 பி.எஸ்.டி. எனப்படும் யுனிக்ஸ் பணிசெயல் முறைமையை வெளியிட்டது. அதிலேதான் ‘சொக்கெற்’ என்னும் இடைமுகம் பரவலான பயன்பாட்டுக்கு வந்தது.

ஆகவே, மாணவருக்கு வேண்டிய தகவல்கள் யாவும் 1983 அளவில் எழுத்திற் கிடைத்தன எனலாம். ஆனால் அவை இரு வேறு இடங்களிற் கிடந்தன. நெறிமுறை ஆவணங்கள் கம்பியின்மீது எவ்வகைப் பொதிகள் செல்லவேண்டும் என்று கூறின. யுனிக்ஸ் கைந்நூல் ஒவ்வொரு முறைமை அழைப்பையும் தனித்தனியே விவரித்தது. நிரலில் எழுதப்படும் ஒரு வரிக்கும் கம்பியில் ஓடும் பொதிகளுக்கும் உள்ள தொடர்பு எவ்வாறானது என்பதை மாணவர் தாமே ஊகித்தறிய வேண்டியிருந்தது. ஸ்டீவன்ஸ் இவ்விடைவெளியையே தமது களமாகக் கொண்டார்.

சொக்கெற் என்பது யாது?

இரு கணினிகளில் இயங்கும் இரு நிரல்கள் உரையாட வேண்டுமாயின், ஒவ்வொன்றுக்கும் முகவரி வேண்டும். முகவரி இரு பகுதிகளைக் கொண்டது. முதலாவது, கணினியைக் குறிக்கும் ஐ.பி. எண், இதன் நான்காம் பதிப்பில் அது 32 பிற்று நீளமானது. இரண்டாவது, அக்கணினியில் இயங்கும் பல நிரல்களுள் எது என்பதைச் சுட்டும் துறை எண். இது 16 பிற்று நீளமானது. ஒரு கோப்பைத் திறந்து அதில் வாசிப்பதும் எழுதுவதும் போன்றே மறுகணினியிலுள்ள நிரலிடமிருந்து வாசிக்கவும் அதற்கு எழுதவும் உதவும் முனையே சொக்கெற் ஆகும்.

சேவையகமாக இயங்கும் நிரல் முதலில் ஒரு சொக்கெற்றை உருவாக்கும். ‘பைண்ட்’ என்னும் அழைப்பால் அதற்குத் துறை எண் ஒன்றைப் பிணைக்கும். ‘லிசன்’ என்னும் அழைப்பால் வருவோரை எதிர்நோக்கி நிற்கும். ‘அக்செப்ற்’ என்னும் அழைப்பால் ஒவ்வொரு தொடர்பையும் ஏற்கும். சேவைபெறுநர் நிரலின் வேலை இதனிலும் எளிது. அது சொக்கெற்றை உருவாக்கி, ‘கனெக்ற்’ என்னும் அழைப்பால் சேவையகத்துடன் தொடர்புகொள்ளும். அவ்வேளையில் இரு கணினிகளுக்குமிடையே மூன்று பொதிகள் பரிமாறப்படுகின்றன: தொடங்கலாமா என்னும் வேண்டுகோள், அதற்கான ஒப்புகையும் மறுதிசை வேண்டுகோளும் சேர்ந்த ஒரு பொதி, இறுதி ஒப்புகை. இம்மூன்றும் நிறைவேறிய பின்னரே தொடர்பு நிலைபெறும்.

இத்துணையே கற்பிக்க வேண்டியது எனின் ஓர் அத்தியாயம் போதும். பல நூல்கள் அவ்வாறே செய்தன. ஆனால் ஸ்டீவன்ஸ் 1998 ஆம் ஆண்டுப் பதிப்பின் தொடக்கத்தில் தரும் மிகச் சிறிய நிரலிலேயே வேறொரு நோக்கைக் காணலாம். 13 ஆம் இலக்கத் துறையில் இயங்கும் சேவையகத்திடமிருந்து நாளையும் நேரத்தையும் பெற்று அச்சிடும் நிரல் அது. விடை 26 பைற்றுகளே கொண்டது. எனினும் அதனை வாசிக்கும் கட்டளை ஒரு சுழற்சிக்குள் இடப்பட்டிருக்கின்றது. 26 பைற்றுகளும் ஒருமிக்க வரலாம். ஒவ்வொன்றாக 26 முறை வரவுங் கூடும். எத்தனை முறை என்பதுபற்றி நெறிமுறை எவ்வித உறுதியும் அளிக்கவில்லை. இவ்வுண்மை முதற் பக்கங்களிலேயே மாணவருக்கு உணர்த்தப்படுகின்றது.

தாரையும் எழுத்தும்

ரி.சி.பி. தரவுகளைப் பைற்றுகளின் தொடர்ச்சியான தாரையாகவே கையாள்கின்றது. அனுப்பப்பட்ட பைற்றுகள் அனுப்பப்பட்ட ஒழுங்கிலே, இடையில் எதுவும் விடுபடாமல் வாசிக்கப்படும் என்பதே அதன் உறுதி. ஒரு முறை எழுதியது ஒரு முறையில் வாசிக்கப்படும் என்ற உறுதி அதில் இல்லை. ஒரு செய்தி எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது என்பதை அது அறியாது.

இதன் விளைவைத் தமிழ் எழுத்தைக் கொண்டே விளக்கலாம். யுனிக்கோட்டின் யு.ரி.எவ்.-8 குறிமுறையில் ஆங்கில எழுத்து ஒவ்வொன்றும் 1 பைற்றாகவும் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைற்றுகளாகவும் அமைகின்றன. ‘தமிழ்’ என்னும் சொல் நமது எண்ணிக்கையில் மூன்றெழுத்து. குறிமுறையில் அது தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி என ஐந்து குறியீடுகள். ஆகவே 15 பைற்றுகள். வாசிப்பு 10 பைற்றுகளுடன் நின்றுவிடின், ழகரத்தின் மூன்றிலொரு பகுதி மட்டும் கைக்கு வரும். அது எழுத்தே அன்று. 6 பைற்றுகளுடன் நின்றுவிடின் நிலைமை இதனினும் மோசமானது: ‘தம’ எனப் பிழையற்றது போலத் தோன்றும் இரண்டெழுத்துகள் கிடைக்கும். நிரல் எவ்விதக் குறையையும் உணராது.

நிரலாளர் வழக்கமாக 1024, 4096 என இரண்டின் அடுக்குகளாகவே வாசிப்புக்கான இடத்தை ஒதுக்குவர். இரண்டின் எந்த அடுக்கும் மூன்றால் மீதியின்றி வகுபடாது. தமிழ்க் குறியீடுகள் இடைவெளியின்றித் தொடருமாயின், 4096 பைற்றுகளில் 1365 குறியீடுகள் முழுமையாக அடங்க, அடுத்த குறியீட்டின் முதற் பைற்று மட்டும் எஞ்சி நிற்கும். வாசித்த பகுதியை உடனே எழுத்தாக மாற்றும் நிரல், ஆங்கிலப் பாடத்தை மட்டும் கொண்டு சோதிக்கப்படின் இக்குறையை ஒருபோதும் வெளிக்காட்டாது. தமிழ்ப் பாடம் வரும்போதே சிதையும். நமது மொழியில் மென்பொருள் ஆக்க முனைவோர் அடிப்படையைக் கற்கவேண்டியதன் இன்றியமையாமைக்கு இதனைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

தீர்வு யாது? எல்லையை நெறிமுறை தராதெனின், உரையாடும் இரு தரப்பாரும் அதனைத் தமக்குள் உடன்பட்டு வகுத்தல் வேண்டும். வரி முடிவைக் குறிக்கும் பைற்று வரும்வரை வாசிப்பது ஒரு முறை. செய்தியின் நீளத்தை முதலில் அனுப்பிவிட்டு, அந்நீளம் நிறைவுறும்வரை வாசிப்பது இன்னொரு முறை. வேண்டிய அளவு சேரும்வரை மீளமீள வாசிக்கும் சிறியதொரு துணைநிரலை ஸ்டீவன்ஸ் எழுதி நூல் முழுவதும் பயன்படுத்துகின்றார். அதில் உள்ளவை சில வரிகளே. ஆயினும் அவ்வரிகளின் தேவையை உணர்ந்த மாணவர் தாரை என்னும் கருத்தை உணர்ந்தவராவர்.

முட்டையின் எந்த முனை?

உடன்பாட்டின் தேவை எண்களிலும் வெளிப்படுகின்றது. 32 பிற்று எண் ஒன்று நான்கு பைற்றுகளாகக் கணினியின் நினைவகத்தில் வைக்கப்படும்போது, சில கணினிகள் பெரும்பெறுமதியுடைய பைற்றை முதலில் வைக்கின்றன. வேறு சில சிறுபெறுமதியுடையதை முதலில் வைக்கின்றன. ஒரு வகைக் கணினி அனுப்பும் 1 என்னும் எண்ணை மற்றைய வகைக் கணினி அவ்வாறே எடுத்துக்கொண்டால், அது 1,67,77,216 ஆகிவிடும். மேலே குறிப்பிட்ட 13 ஆம் இலக்கத் துறை 3328 ஆம் இலக்கத் துறையாக மாறிவிடும்.

இவ்விரு வழக்கங்களுக்குமிடையிலான பிணக்கைக் குறித்து டனி கோகன் 1980 இல் எழுதிய கட்டுரையில், முட்டையைப் பெருமுனையில் உடைப்பதா சிறுமுனையில் உடைப்பதா என்று போரிட்ட மக்களைப் பற்றிய ஜொனதன் சுவிஃப்ற்றின் அங்கதத்தை எடுத்தாண்டார். அவ்வங்கதத்திலிருந்தே ‘பெருமுனை’, ‘சிறுமுனை’ என்னும் கலைச்சொற்கள் கணினித்துறையில் நிலைபெற்றன. எம்முனை சிறந்தது என்பது முக்கியமன்று, எல்லோரும் ஒன்றைப் பின்பற்றுவதே முக்கியம் என்பது அவர் கருத்து. இணைய நெறிமுறைகள் தம் தலைப்புகளிலுள்ள எண்களுக்குப் பெருமுனை வரிசையைக் கொள்கின்றன.

இதனை விதியாகக் கூறி மாணவரை மனனஞ் செய்யப் பணித்தல் எளிது. ஸ்டீவன்ஸ் அவ்வாறு செய்யவில்லை. இரண்டு எண்களைப் பெற்று அவற்றின் கூட்டுத்தொகையைத் திருப்பியனுப்பும் சேவையகம் ஒன்றை அவர் எழுதுகின்றார். எண்களை எழுத்து வடிவில் அனுப்பும்போது அது எங்கும் சரியாக இயங்குகின்றது. அடுத்து, எண்களை நினைவகத்தில் உள்ளவாறே அனுப்புகின்றார். ஒரே வகைக் கணினிகளுக்கிடையே விடை சரியாக வருகின்றது. ஸ்பார்க், இன்ரெல் என்னும் இரு வகைக் கணினிகளுக்கிடையே பிழையாகின்றது. மாணவர் பிழையைத் தம் கண்ணாற் கண்ட பின்னரே விளக்கம் வருகின்றது.

மறுமுனை மறையும்போது

நூலின் மிகச் சிறந்த பகுதி எனக் கொள்ளத்தக்கது, 1998 ஆம் ஆண்டுப் பதிப்பின் ஐந்தாம் அத்தியாயம். அனுப்பிய வரியை அவ்வாறே திருப்பியனுப்பும் எதிரொலிச் சேவையகம் ஒன்றே அதன் பொருள். நிரல் சில வரிகளில் முடிந்துவிடுகின்றது. அத்தியாயத்தின் பெரும் பகுதியோ, அந்நிரல் எவ்வெவ்வாறு தவறக்கூடும் என்னும் ஆய்வாக விரிகின்றது.

சேவையக நிரல் இடையில் நிறுத்தப்பட்டால் யாது நிகழும்? அதன் கணினி இன்னும் இயங்குவதால், தொடர்பை முடிப்பதாக அறிவிக்கும் பொதியை அது அனுப்பிவைக்கும். ஆனால் சேவைபெறுநர் நிரல் அவ்வேளை விசைப்பலகையிலிருந்து வரும் வரிக்காகக் காத்திருப்பின், அவ்வறிவிப்பை அது காணாது. அடுத்த வரி தட்டச்சிடப்பட்டு அனுப்பப்பட்ட பின்னரே உண்மை வெளிப்படும். ஒரு மூலத்தை மட்டும் நோக்கிக் காத்திருத்தல் கூடாது, பல மூலங்களை ஒருங்கே கவனித்தல் வேண்டும் என்னும் தேவை இங்குதான் எழுகின்றது. ‘செலக்ற்’ என்னும் அழைப்பு அடுத்த அத்தியாயத்தில் அறிமுகமாவதற்குரிய காரணம் இதுவே. தேவை முன்னே வர, கருவி அதன் பின்னே வருகின்றது.

சேவையகக் கணினியே நின்றுபோனால் நிலைமை வேறு. இப்போது முடிவை அறிவிக்க மறுமுனையில் எவரும் இல்லை. அனுப்பிய தரவுக்கு ஒப்புகை வராமையால், அனுப்பிய கணினி அதனை மீளமீள அனுப்பிப் பார்க்கும். பேர்க்லி வழிவந்த முறைமைகள் ஏறத்தாழ 9 நிமிடங்கள் வரை முயன்ற பின்னரே கைவிடும் என்று ஸ்டீவன்ஸ் குறிப்பிடுகின்றார். இன்னும் ஒரு நிலை உண்டு. இரு தரப்பாரும் எதுவும் அனுப்பாதிருப்பின், மறுமுனை மறைந்தமை தெரியவே வராது. மௌனமாக இருக்கும் கணினிக்கும் இல்லாமற்போன கணினிக்கும் வேறுபாடு காண நெறிமுறையில் இயல்பான வழி இல்லை.

இவற்றின் அடியில் ஓர் அடிப்படை உண்மை உள்ளது. எழுதும் அழைப்பு வெற்றியுடன் மீள்வது, தரவு மறுநிரலைச் சென்றடைந்தது என்பதற்குச் சான்றன்று. தரவு நமது கணினியின் பணிசெயல் முறைமையிடம் ஒப்படைக்கப்பட்டது என்பதே அதன் பொருள். மறுகணினி அனுப்பும் ஒப்புகையும் அக்கணினி பெற்றதையே கூறும். அங்குள்ள நிரல் அதனை வாசித்துச் செயற்பட்டதாகக் கூறாது. பணப் பரிமாற்றமோ நோயாளர் பதிவோ இவ்வழியில் அனுப்பப்படின், செயல் நிறைவேறியது என்பதை மறுநிரலே விடையாகத் தெரிவித்தல் வேண்டும். இதனை உணராது எழுதப்படும் நிரல் நாள்தோறும் சரியாக இயங்கும். நெருக்கடி நேரத்தில் மட்டும் பொய்யுரைக்கும்.

அறிவின் பொதுவுடைமை

இத்தகையதொரு நூல் உருவாவதற்கு ஆசிரியரின் ஆற்றல் மட்டும் போதியதன்று. அதற்குரிய சமூக நிலைமைகளையும் நோக்குதல் வேண்டும்.

வலையமைப்பின் விதிகளை வகுத்த ஆவணங்கள் 1969 இலிருந்து தொடர் எண்களுடன் வெளியிடப்பட்டு, எவரும் படித்துக் கருத்துரைக்கக்கூடியனவாக இருந்தன. பேர்க்லிப் பல்கலைக்கழகம் தனது வலையமைப்பு நிரல்களின் மூலத்தை 1989 இல் எவரும் பயன்படுத்தத்தக்க வகையில் வெளியிட்டது. யுனிக்ஸின் உரிமை பற்றி 1992 இல் எழுந்த வழக்கு 1994 இல் இணக்கமாக முடிவுற்றதும், 4.4 பி.எஸ்.டி. லைற் என்னும் பதிப்பு வெளிவந்தது. இவ்வெளியீடு இருந்தமையாலேயே, ஸ்டீவன்ஸும் கரி றைற்றும் 1995 இல் வெளியிட்ட ‘ரி.சி.பி./ஐ.பி. இலஸ்ற்றேற்றெட்’ என்னும் நூலின் இரண்டாம் தொகுதியில், உண்மையில் இயங்கும் முறைமையொன்றின் ஏறத்தாழ 15,000 வரி மூலநிரலை அச்சிட்டு விளக்க முடிந்தது. தமது நூல்களின் நிரல்களையும் ஸ்டீவன்ஸ் இலவசமாகவே வழங்கினார்.

இதனை மிகைப்படுத்தவும் கூடாது. ஆர்ப்பாநெற்றுக்கும் பேர்க்லி ஆய்வுக்கும் நிதி வழங்கியது அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் ஆய்வு முகவரகமே. இராணுவ நோக்குடைய நிதியிலிருந்து பொதுவில் வைக்கப்பட்ட அறிவு பிறந்தமை ஒரு முரண்பாடு. எனினும் பொது நிதியில் உருவான அறிவு மறைக்கப்படாது விடப்பட்டமையால், பிறநாட்டு மாணவரும் அதனைக் கற்கவும் சோதிக்கவும் வாய்ப்புண்டாயிற்று என்பது மனங்கொள்ளத்தக்கது. உட்பொறி மூடிய கருவிகளைப் பயன்படுத்தப் பழகுதல் வேறு. உட்பொறியை ஆராய்ந்து ஆக்கும் ஆற்றல் பெறுதல் வேறு. பின்னையதற்கு வேண்டிய வாயிலை இத்தகைய நூல்களே திறந்துவைத்தன.

காலமும் மாற்றமும்

ஸ்டீவன்ஸ் 1999 செப்ரெம்பர் 1 ஆந் திகதி காலமானார். பில் ஃபெனர், அன்ட்றூ றடொஃப் ஆகியோர் மூன்றாம் பதிப்பை ஆக்கினர். பதிப்புகளை ஒப்புநோக்கின் தொழினுட்பத்தின் வரலாறே தெரிகின்றது. 1990 இல் சிறப்பிடம் பெற்ற செறொக்ஸ் நிறுவனத்தின் எக்ஸ்.என்.எஸ். நெறிமுறைகள் பின்னர் இல்லாதொழிந்தன. சொக்கெற்றுக்குப் போட்டியாக 1998 இல் விளக்கப்பட்ட எக்ஸ்.ரி.ஐ. இடைமுகம் 2003 இல் நீக்கப்பட்டது. எஞ்சி நிற்பவை சொக்கெற்றும், அதனைச் சோதித்தறியும் முறையுமே.

இன்றைய மாணவர் இந்நூலுடன் நின்றுவிட முடியாது. தரவை மறைகுறியாக்கிக் காக்கும் முறை இதிற் கற்பிக்கப்படவில்லை. இன்றோ அது தவிர்க்கவொண்ணாதது. பல்லாயிரம் தொடர்புகளை ஒருங்கே கையாளும் லினக்ஸின் ‘ஈபோல்’ போன்ற அழைப்புகளையும், 2021 இல் நியமமாக்கப்பட்ட குவிக் நெறிமுறையையும் வேறிடங்களிற் கற்றல் வேண்டும். ஆயினும் குவிக்கின் சிறப்பை உணர்வதற்கே ரி.சி.பி.யின் தாரை எத்தகையது என்பது தெரிந்திருத்தல் அவசியம்.

நூலைப் பயிலும் முறையையும் நூலே கற்பிக்கின்றது. லினக்ஸ் நிறுவிய சாதாரணக் கணினிகள் இரண்டும், பொதிகளைக் காட்டும் ‘ரி.சி.பி. டம்ப்’ என்னும் கருவியும் இருப்பின் போதும். எதிரொலிச் சேவையகத்தைத் தம் கையால் எழுதுதல். இயங்கும்போது பொதிகளை நோக்குதல். நிரலை இடையில் நிறுத்தியும் கம்பியைக் கழற்றியும் பார்த்தல். கண்டதைக் காரணத்துடன் எழுதிவைத்தல். இவ்வொழுங்கில் ஐந்தாம் அத்தியாயம் ஒன்றை மட்டும் முற்றக் கற்ற மாணவர், நூல் முழுவதையும் வாசித்து மட்டும் முடித்தவரிலும் பார்க்க அதிகம் அறிவர்.

நமது பல்கலைக்கழகங்களிலும் கல்வி நிலையங்களிலும் கணினிக் கல்வி விரிவடைந்துவரும் வேளையில், கலைச்சொற்களை ஆக்குவதும் அழைப்புகளின் பட்டியலைத் தமிழில் தருவதும் வேண்டற்பாலனவே. ஆனால் பட்டியல் கல்வியாகாது. கருவி எவ்விடத்தில் உறுதியளிக்க மறுக்கின்றது, அவ்விடத்தை மனிதர் தமக்குள் எவ்வாறு உடன்பட்டு நிரப்பினர் என்பதை ஆய்வுகூடத்திற் கண்டறியச் செய்யும் பாடநூல்கள் தமிழில் எழுதப்படுதல் வேண்டும். அவ்வாறு எழுத முனைவோருக்கு ஸ்டீவன்ஸின் நூல் மொழிபெயர்ப்புக்குரிய மூலம் என்பதிலும் பார்க்க, பின்பற்றுதற்குரிய முறையியலாகவே கூடுதலாகப் பயன்படும்.